ஊரகப் பல் மருத்துவப் பயிற்சி எதிர்காலத் தேர்வை மாற்றுமா? கேள்வி பதில்

பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரிடம் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவையும், அவர் எழுதிய பதில்களும்.

கேள்வி (மூன்றாமாண்டு மாணவி, திருநெல்வேலி): ஐயா, பயிற்சி ஆண்டில் கிராமப் பணிக்குச் செல்வதால் ஒருவருடைய தொழில் தேர்வு உண்மையிலேயே மாறுகிறதா?

பதில்: மாறக்கூடும், ஆனால் அங்கே என்ன வேலை செய்தார் என்பதைப் பொறுத்தே மாறும். பி.டி.எஸ். படிப்பின் ஓராண்டுப் பயிற்சியில் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமப் பணிக்கும் சேர்த்து 3 மாதங்கள் வகுக்கப்பட்டன. வாய் அறுவைச் சிகிச்சைக்குக்கூட ஒன்றரை மாதம்தான். இருந்தும் பல கல்லூரிகளில் அந்தக் காலம் முகாம்களிலேயே கழிந்துவிடுகிறது. பேருந்தில் போய் இறங்கி, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையாக வருபவர்களின் வாயைப் பார்த்துப் படிவத்தை நிரப்பி, கல்லூரிக்கு வரச்சொல்லிச் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மாணவருக்கு, அந்த ஊருக்குத் தாம் மருத்துவர் என்ற எண்ணம் எப்படி வரும்? சீட்டை வாங்கியவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்தாரா என்பதுகூட அந்த மாணவருக்குத் தெரியாது. ஊரக மையத்தில் தங்கிச் சிகிச்சையளித்து, தாம் அடைத்த பல்லோடு அதே நோயாளி மறுமுறை வருவதைப் பார்த்த மாணவர்களிடம்தான் இங்கேயே தொழில் செய்யலாம் என்ற துணிவு பிறப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன்.

கேள்வி (பயிற்சி மருத்துவர், தருமபுரி): மின்சாரமோ பல் மருத்துவ நாற்காலியோ இல்லாத இடத்தில் பழகினால் என் கைத்திறன் குறைந்துவிடாதா?

பதில்: குறையாது. 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவான ஏ.ஆர்.டி. (அதிர்ச்சியில்லாப் பல் சீரமைப்பு) முறையில், துளையிடும் கருவியே இல்லாமல் கைக்கருவிகளால் சொத்தையை நீக்கி, கிளாஸ் அயனோமர் சிமென்டால் அடைக்கிறார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை விரலே உணர வேண்டியிருப்பதால் கை இன்னும் நுட்பமாகிறது. உங்கள் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள ஊர்கள் உண்டு; அது மிகுந்தால் வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை படியும். பழுப்பேறிய பற்களோடு வரும் பிள்ளையிடம், ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று குறை சொல்லாமல், எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறாய் என்று கேட்கப் பழகுவது நகரத்தில் எளிதில் கிடைக்காத பயிற்சி.

கேள்வி (தந்தை, மதுரை): கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் மகளைப் படிக்கவைத்தேன். இப்போது கிராமத்தில்தான் பணி செய்வேன் என்கிறாள். பிழைக்க முடியுமா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. நாட்டிலுள்ள 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும் அரசுப் பணியிடங்களோ தேவைக்கு மிகக் குறைவு. அமெரிக்காவில், வசதி குறைந்த பகுதிகளில் பணிபுரிய உடன்படும் பல் மருத்துவர்களின் கல்விக் கடனை அடைக்க அரசே உதவுகிறது. அத்தகைய ஏற்பாடு இங்கே பரவலாக வரும்வரை, பயிற்சி தந்த விருப்பத்தைக் கடன் தவணை அடித்துப்போடும் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஆயினும் அவரைத் தடுக்காதீர்கள். மூத்த மருத்துவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, சுற்றுக் கிராமங்களின் பேருந்துகள் வந்து சேரும் சிறுநகரத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிராமத்தில் பிறந்தவர்தான் கிராமத்துக்குத் திரும்புவாரா?

பதில்: வாய்ப்பு அவர்களுக்கே கூடுதல். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதல்கள், கிராமப் பின்னணியுள்ள மாணவர்களைச் சேர்ப்பதையும் ஊரகத்தில் பயிற்சியளிப்பதையும் சேர்த்தே பரிந்துரைக்கின்றன. தாமாக விரும்பி ஊரகப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்த நாட்டம் முன்பே இருந்திருக்கும்; எல்லாப் பெருமையையும் பயிற்சிக்கே கொடுத்துவிட முடியாது.

கேள்வி (விரிவுரையாளர்): எங்கள் கல்லூரியில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால், எதை மாற்றுவது?

பதில்: முகாம்களைக் குறைத்து, ஓர் ஊரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்சதை இறுகியவர்களுக்கு வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை ஒரு குழு அளந்து ஏட்டில் எழுதட்டும். அடுத்த குழு அதே ஏட்டில், அதே மனிதரை அளக்கட்டும். மாணவர்களை மட்டும் அனுப்பிவிடாமல், ஆசிரியரான நீங்களும் வாரந்தோறும் அங்கே உட்கார்ந்து நோயாளிகளைப் பாருங்கள்.