கேள்வி - பதில்: துருவத்து ஏரிக்குள்ள இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்துச்சு?

போன இதழ்ல, அண்டார்டிகாவுல எவ்வளவு குளிர் அடிச்சாலும் உறையாத உப்புக் குட்டை ஒண்ணு இருக்குன்னு சின்னதா ஒரு துணுக்கு போட்டிருந்தோம். அதைப் பிடிச்சுக்கிட்டு வாசகர்கள் கேட்டதுல சிலது இங்க.

பனிக்கட்டி உருகினா நல்ல தண்ணிதானே சார் வரணும்? ஏரி மட்டும் எப்படி உப்பு கரிக்குது? (தேனி வாசகர்)

நியாயமான சந்தேகம். வர்ற தண்ணி நல்ல தண்ணிதான், ஆனா வெளியே போக வழி இல்லாததுதான் அங்க பிரச்சனையே. மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குன்னு ஒரு பகுதி, அங்க கோடையில ரெண்டு மாசம் போல பனியாறு லேசா உருகி ஓடைகள்ல தண்ணி வரும், வர்ற வழியில மண்ணுல பாறையில இருக்கிற உப்பைக் கொஞ்சம் கரைச்சு எடுத்துட்டு வந்து ஏரியில சேர்க்கும், அதோட கதை முடிஞ்சது, ஏரிக்கு மறுகால் கிடையாது. தண்ணி குறையணும்னா காத்துல ஆவியாப் போகணும், இல்ல மேல இருக்கிற ஐஸ் உருகாமலே நேரா ஆவியாகணும். ரெண்டுலயும் உப்பு போகாது. இதுக்கு மேல, தண்ணி உறையும்போது ஐஸ் உப்பைச் சேர்த்துக்காது, கீழ தள்ளிவிட்டுடும். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே நடந்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க.

இதுல இன்னொரு விஷயம், எல்லா உப்பும் ஒரே மாதிரி இல்ல. குளிர் ஏற ஏற ஒவ்வொண்ணா கழண்டுக்கும். நாம சமையல்ல போடுற சோடியம் குளோரைடு மைனஸ் 20ஐத் தாண்டினதும் படிகமாகி அடியில உக்காந்துரும், கால்சியம் குளோரைடு மட்டும் மைனஸ் 50 வரைக்கும் கரைசலாவே தாக்குப் பிடிக்கும். போன இதழ்ல சொன்ன டான் ஹுவான் குட்டையில இருக்கிறது பெரும்பாலும் இதுதான். கடல்ல உப்பு மூணரை சதவீதம், இங்க சுமார் 40. கணுக்கால் அளவுதான் ஆழம். 1961-ல டான் ரோ, ஜான் ஹிக்கின்னு ரெண்டு ஹெலிகாப்டர் பைலட்டுங்க இதை முதல்ல பாத்தாங்க, அவங்க பேரைச் சேர்த்துத்தான் குட்டைக்கு இந்தப் பேரே. அங்க படிஞ்சு கிடந்த கால்சியம் குளோரைடு படிகத்தை 1965-ல ஜப்பான் விஞ்ஞானிங்க புதுக் கனிமம்னு அறிவிச்சு 'அண்டார்டிசைட்'னு பேர் வெச்சாங்க.

எல்லா ஏரிக்கும் இதே கதைன்னு நினைச்சிராதீங்க. கிழக்கு அண்டார்டிகாவுல வெஸ்ட்ஃபோல்டு குன்றுகள்ல இருக்கிற டீப் லேக் ஒரு காலத்துல கடலாவே இருந்தது. மேல அழுத்திக்கிட்டிருந்த பனி போனதும் நிலம் மெல்ல மேல எழும்பி, கடல் தண்ணி உள்ள மாட்டிக்கிச்சு. அது வத்தி வத்தி இப்ப கடலைவிட 10 மடங்கு போல உப்பு, ஏரி மட்டம் கடல் மட்டத்துக்கு 50 மீட்டர் கீழ.

மேல ஐஸ், அடியில 25 டிகிரி வெந்நின்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. உண்மையா? (கும்பகோணம் வாசகி)

வெந்நின்னு சொன்னது ஓவர், ஆனா 25 டிகிரி போல இருக்கிறது உண்மை! மெக்மர்டோ பள்ளத்தாக்குல இருக்கிற வாண்டா ஏரி அது. மேல மூணு நாலு மீட்டர் கனத்துக்கு வருஷம் பூரா ஐஸ், அதுக்குக் கீழ கிட்டத்தட்ட சுத்தமான நல்ல தண்ணி, 70 மீட்டர் ஆழத்துக்குப் போனா கடலைவிட மூணு மடங்குக்கு மேல உப்பு. ஐஸ் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிறதால வெயில் உள்ள இறங்குது, அடித்தண்ணி சூடாகுது. சாதாரணமா சூடான தண்ணி மேல வந்துரும், இங்க உப்பால அது அவ்வளவு கனமா இருக்கு, மேல வரவே முடியாது. எரிமலை எதுவும் கீழ இல்ல.

கோடையில ஓரத்துல ஐஸ் உருகி கொஞ்சம் தண்ணி தெரியும். அங்க நியூசிலாந்துக்காரங்க 1968-லேர்ந்து ஒரு ஆய்வு நிலையம் வெச்சிருந்தாங்க, அந்த ஓரத்துத் தண்ணியில ஒட்டுத்துணி இல்லாம முங்கி எந்திரிச்சா நீச்சல் கிளப்புல மெம்பர்னு ஒரு கூத்து வேற! அப்புறம் ஏரி மட்டம் ஏறி ஏறி நிலையத்துக்கிட்டயே தண்ணி வர ஆரம்பிச்சது. இத்தனை வருஷமா சமையல் கழிவுத் தண்ணி ஊறின மண்ணு ஏரியில கரைஞ்சா அந்தச் சுத்தமான தண்ணியோட வேதியியலே மாறிடும்னு, 90கள்ல கட்டடத்தை எல்லாம் பிரிச்சு எடுத்து, அழுக்கான மண்ணையும் வெட்டி வெளிய கொண்டுபோனாங்க. நம்ம ஆளுங்க ஏரிக்குப் பண்றதை நினைச்சா பெருமூச்சுதான் வருது.

அந்த ஏரி எப்ப எப்படி மாறுச்சுன்னு யாருமே இல்லாத இடத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? (ப்ளஸ் டூ மாணவி, சேலம்)

நல்ல கேள்விம்மா. டம்ளர் அடியில சர்க்கரையைப் போட்டு கலக்காம வெச்சா, இனிப்பு மெல்ல மெல்ல மேல ஏறும் இல்லையா, எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்து எப்ப போட்டாங்கன்னு கணக்குப் போட்டுறலாம். வாண்டாவுல அதைத்தான் செஞ்சாங்க. மேல ஐஸ் மூடியிருக்கிறதால காத்து தண்ணியைக் கலக்காது, அதனால உப்பு தானா பரவினாத்தான் உண்டு. அலெக்ஸ் வில்சன்கிற விஞ்ஞானி ஆழம் ஆழமா உப்பு எவ்வளவுன்னு பாத்து 1964-ல ஒரு முடிவு சொன்னார்: சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாடி ஏரி வத்தி அடியில உப்புக் குழம்பா மட்டும் கிடந்திருக்கு, அப்புறம் கொஞ்சம் வெப்பமான காலம் வந்து, ஏரிக்குள்ள வந்து விழுற ஆனிக்ஸ் ஆத்துத் தண்ணி அது மேல வந்து நின்னிருக்கு. அந்தக் குழம்புதான் இன்னிக்கு அந்த 25 டிகிரி தண்ணி.

க்ளைமேட் சேஞ்சால இதெல்லாம் வேகமா மாறுதா? (கோவை வாசகர்)

மாறுது, அதுவும் வட துருவப் பக்கம் ரொம்பவே. மேற்கு கிரீன்லாந்துல 2022 இலையுதிர் காலத்துல, பனி விழ வேண்டிய நேரத்துல வெப்பமும் கனமழையும் சேர்ந்து வந்துச்சு. காலங்காலமா உறைஞ்சு கிடந்த மண்ணு இளகி, அதுல இருந்த கரிமப் பொருளும் இரும்பும் அப்படியே ஏரிகளுக்குள்ள போச்சு. அடுத்த கோடையில பாத்தா நீலமா இருந்த ஏரிங்க பழுப்பு, ஒண்ணு ரெண்டு இல்ல, சுமார் 7,500 ஏரி! அமெரிக்காவுல மெய்ன் பல்கலைக்கழக ஜாஸ்மின் சரோஸ் குழு இதை 2025-ல வெளியிட்டாங்க. தண்ணி கலங்கினதால வெயில் கீழ போகல, பாசி உணவு தயாரிக்கிறது குறைஞ்சு போச்சு, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கிட்டிருந்த ஏரிங்க அதை வெளிய விட ஆரம்பிச்சிருச்சு. வாண்டாவுல உப்பு ஏறுறதை நூத்தாண்டுக் கணக்குல எண்ணணும், இங்க ஒரு மழைக்காலமே போதுமா இருந்திருக்கு. எனக்கு இதுலயே பெரிய கவலை இந்த வேகம்தான். அலாஸ்காவுல டூலிக் ஏரியை 1975-லேர்ந்து அளந்துட்டு வர்றாங்க, அங்கயும் அடி மண்ணு இளகிறதால தண்ணியில காரத்தன்மை கூடிட்டு வருது, ஆனா அது நிதானமா நடக்குற சமாச்சாரம்.

நம்ம இந்திய நிலையத்துல இருக்கிறவங்க எந்தத் தண்ணியக் குடிக்கிறாங்க? (நாகர்கோவில் வாசகர்)

மைத்ரி நிலையத்துக்குப் பக்கத்துலயே பிரியதர்ஷினின்னு ஒரு நன்னீர் ஏரி இருக்கு, அதுலேர்ந்துதான். அந்த ஷிர்மாக்கர் பகுதியில நூத்துக்கும் மேல ஏரி, பெரும்பாலும் நல்ல தண்ணி. வாண்டாவுலயும் ஐஸுக்குக் கீழ இருக்கிற தண்ணியைக் குடிக்கலாம், 70 மீட்டர் அடியில மொண்டீங்கன்னா வாயிலயே வைக்க முடியாது, கால்சியம் குளோரைடு அப்படிக் கசக்கும்.