எட்டு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர் என் புரொடெஸ்டை விசாரிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் கவுண்டியின் மக்கள்தொகை சில லட்சம். சொத்து வரிக்காக வீட்டு மதிப்பை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று இந்த வருடம் புரொடெஸ்ட் செய்தேன். மூன்று பேர் குழு விசாரித்தது, ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. ஹியரிங் தொடங்கும் முன் அந்த மூவரில் ஒருவர், "எட்டு வருடமாக இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். உறுப்பினர்களுக்குக் கால வரம்பு உண்டாமே, அப்படியானால் அந்த ஆர்டர் செல்லாது அல்லவா? ஆர்டர் தபாலில் வந்து மூன்று வாரம் ஆகிறது.

பதில்: முதலில் அந்த ஆர்டர் வந்த கவரைத் தேடி எடுங்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள். மேல்முறையீடு செய்ய அன்றிலிருந்து 60 நாள்தான் உங்களுக்கு இருக்கிறது, அதில் மூன்று வாரம் போய்விட்டது. நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு 60 நாள் தாண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கால வரம்பு பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. உங்கள் புரொடெஸ்டை விசாரித்த மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்தில் ஒருவருடைய பதவிக்காலம் இரண்டு வருடம். 1,20,000 பேரோ அதற்கு மேலோ வாழும் கவுண்டியில், ஏற்கெனவே மூன்று பதவிக்காலம் இருந்தவர் மறுபடியும் உறுப்பினராக முடியாது என்று டெக்சாஸ் வரிச் சட்டத்தின் 6.412 பிரிவு சொல்கிறது. 'முழுவதுமோ ஒரு பகுதியோ' என்று அதில் இருப்பதைக் கவனியுங்கள். வேறொருவர் விட்டுப்போன இடத்துக்கு 2018 அக்டோபரில் வந்து, டிசம்பர் வரை மூன்றே மாதம் இருந்தாலும் அது ஒரு பதவிக்காலம். அப்புறம் 2019-20, 2021-22. மூன்று முடிந்தது, 2023 ஜனவரியில் அவருக்கு நாற்காலி கிடையாது. துணை உறுப்பினராக இருந்த காலமும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே ஒரே வாரியத்தில் எட்டு வருடம் என்பது உண்மையானால், கணக்கு இடிக்கிறது.

ஆனால் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அவர் பக்கத்துக் கவுண்டியில் இருந்த வருடங்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வீட்டு மதிப்பைப் போடும் அலுவலகமான அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் பொதுத் தகவல் சட்டத்தின்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அவருடைய நியமன ஆவணங்கள் அனைத்தையும் கேளுங்கள். ஒரு பத்தி எழுதினால் போதும், வக்கீல் வேண்டாம்.

இந்த வரம்பை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. மேஜைக்கு எதிரே அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட்டின் அதே ஊழியர்கள் வருடா வருடம் வருகிறார்கள். வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு முறையும் புது ஆள், கையில் விரிசல் விட்ட சுவரின் நாலு போட்டோவோடு, பதினைந்து நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டியவர். பல வருடம் பழகிய முகத்தின் சொல் எடுபடுவது மனித இயல்பு. அதனால்தான் டிஸ்ட்ரிக்ட்டில் முன்பு வேலை பார்த்தவர்களையும் பெரிய கவுண்டிகளில் இந்த வாரியத்துக்குள் விடுவதில்லை.

ஆனாலும் உங்கள் ஆர்டர் இதனால் தானாகச் செல்லாமல் போகாது. பதவியில் அமர்ந்து வேலை பார்த்தவரின் தகுதி பிற்பாடு கேள்விக்குள்ளானாலும், அதுவரை அவர் செய்தது செல்லும் என்பதுதான் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கொள்கை. இல்லாவிட்டால் அவர் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான ஹியரிங்குகளும் ஒரே நாளில் கவிழ்ந்துவிடும். மேலும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி உங்கள் வீட்டின் மதிப்பை முதலிலிருந்து புதிதாகப் பார்ப்பார். வாரியத்தில் யார் இருந்தார்கள் என்பது அங்கே பேச்சே இல்லை.

அதனால் இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள். உறுப்பினர் விஷயத்தை, நியமன ஆவணங்களோடு, டிஸ்ட்ரிக்ட்டின் இயக்குநர் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் அளவு கவுண்டியில் வரி செலுத்துவோர் தொடர்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். தகுதி விதியை மீறுவது பதவி நீக்கத்துக்கான காரணம். விஷயம் தெரிந்த 90 நாளுக்குள் குழு அவரை நீக்க வேண்டும், அல்லது நீக்கத் தேவையில்லை என்று முறையாக முடிவெடுக்க வேண்டும். கண்டும் காணாமல் இருக்க முடியாது. 2024 முதல் அந்தக் குழுவில் மூன்று பேர் நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த இயக்குநர்களுக்கும் வரம்பு உண்டு: 2021-இல் வந்த திருத்தப்படி பெரிய கவுண்டிகளில் ஐந்து பதவிக்காலம்.

மதிப்பு விஷயத்துக்கு, நீங்கள் குடியிருக்கும் வீடு என்பதால், நான் ஆர்பிட்ரேஷனைத்தான் (நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு நடுவர் முடிவு சொல்வது) சொல்வேன். ஹோம்ஸ்டெட்டின், அதாவது குடியிருக்கும் வீட்டின், மதிப்பு 5 லட்சம் டாலர் வரை இருந்தால் 450 டாலர், அதற்கு மேல் 500 டாலர் முன்பணம். ஆர்பிட்ரேட்டரின் முடிவு வாரியம் தீர்மானித்த தொகையைவிட நீங்கள் கேட்ட தொகைக்கு நெருக்கமாக இருந்தால், 50 டாலர் போக மீதி திரும்பி வரும். நீதிமன்றம், ஆர்பிட்ரேஷன் இரண்டில் ஒன்றுதான், இரண்டுக்கும் அதே 60 நாள் கெடு. வழக்கு நடக்கும்போதும் உங்களுக்குத் தகராறு இல்லாத வரித் தொகையை ஜனவரி 31-க்குள் கட்டிவிடுங்கள். அதைக் கட்டாமல் விட்டால் வழக்கே கையை விட்டுப் போய்விடும்.