பொம்மக்காவை மாற்றி வரைந்த பிள்ளைக்கு என்ன கோர்ஸ்?

அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு,

உங்கள் நீளமான மின்னஞ்சலைப் படித்தேன், கூடவே அனுப்பிய, மகள் வரைந்த படங்களையும் பார்த்தேன். பிளஸ் டூவில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்த மகள், 'இன்ஜினியரிங் வேண்டாம், படம்தான் வரைவேன்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் தாய்மாமன், ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பிடித்து 1 லட்சம் முன்பணமும் கட்டிவிட்டார். மீதிப் பணத்துக்கு வயலில் ஒரு துண்டை விற்கலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. மதினி யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முழிக்கிறார். இதுதானே நிலவரம்?

எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நாலு வரி ஆறுதல் எழுதலாம். ஆனால் கவலைப்பட வேண்டியது பாப்பாவைப் பற்றி அல்ல, மச்சான் போட்ட திட்டத்தைப் பற்றி.

வயலை விற்காதீர்கள். மச்சான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெரிய கம்பெனிகள் கல்லூரி வாசலுக்கே வந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தார்கள். அவருக்கு அது வாழ்க்கையில் நடந்த விஷயம், அதனால் நல்ல மனசோடுதான் சொல்கிறார். இன்று எல்லாக் கல்லூரியும் அதே பெயரில் புதுப் பிரிவு திறந்து வைத்திருக்கிறது. கணக்கும் கோடிங்கும் பிடித்த பிள்ளை அதில் சேர்ந்து முன்னுக்கு வரும். பிடிக்காத பிள்ளை லட்சங்களைக் கட்டி நான்கு வருடம் உட்கார்ந்துவிட்டு, நேர்காணலில் பத்து வரி புரோகிராம் எழுதச் சொன்னதும் கையைப் பிசையும். பணம் கொடுத்து வாங்கிய இடத்துக்கு அந்த அறையில் மரியாதை கிடையாது.

அடுத்து, உங்கள் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன். "சாமி கதையையே மாற்றி வைத்திருக்கிறாள் சார், இவள் பார்க்கிற படத்தில் எல்லாம் ஹீரோ அப்பா பேச்சைக் கேட்பதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வில்லுப்பாட்டில் பாடுகிற முத்துப்பட்டன் கதையை எடுத்து, மாடு திருடர்கள் கையில் அவன் செத்ததும் அவன் மனைவிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குவதற்குப் பதிலாக மாடு திருடியவர்களைத் துரத்திக்கொண்டு காரையாறு காட்டுக்குள் ஓடுவதாக வரைந்திருக்கிறாள். எனக்கு அது பிடித்திருந்தது. உங்களுக்குக் கோபம்.

அண்ணாச்சி, ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிறவர் நீங்கள். அங்கே பட்டவராயன் என்று சாமியாக நிற்கிற இந்த முத்துப்பட்டன் யார்? அண்ணன்மார் சொன்ன பெண்ணை வேண்டாம் என்று சொன்ன பிராமணப் பிள்ளை. செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்களான அந்த இருவரையும் கட்டுவதற்காகக் குடுமியை வெட்டி, பூணூலைக் கழற்றிப்போட்டு, செருப்புத் தைக்கக் கற்றவன். வீட்டார் மானம் போனதாக நினைத்தார்கள். அவன் சன்னதியில் இன்றைக்கும் சனங்கள் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். வீட்டுப் பேச்சைக் கேட்காத நாயகனை உங்கள் மகள் மொபைலில் பார்த்துக் கற்கவில்லை, ஆச்சி கூட்டிப்போன வில்லுப்பாட்டிலேயே கேட்டுவிட்டாள். அந்த வில்லுப்பாட்டிலும் புலவருக்குப் புலவர் கதை கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

நீங்கள் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது. 1962-ல் பிரிட்டனில் முதலில் வந்தபோது அந்த ஆள் நல்லவனே இல்லை. உடல் மறைந்துபோகும் சக்தி கிடைத்ததும் திருட்டில் இறங்கியவன், பிற்பாடுதான் திருந்தினான். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். படம் வரைந்தே பிழைத்த ஒரு மனிதரின் கோடுகளை நீங்கள் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அதே தொழிலை உங்கள் மகள் கேட்டால் மட்டும் அது தொழில் இல்லையா?

சரி, வழிக்கு வருகிறேன். பி.காம்., பி.ஆர்க்., நிஃப்ட் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: ஸ்டோரிபோர்டு ஓவியர் வேலை. அதற்குப் போக, அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருட பி.எஃப்.ஏ., அதாவது இளங்கலை கவின்கலைப் பட்டம்.

சென்னை எழும்பூர்க் கல்லூரி 1850-ல் தொடங்கியது. நடிகர் சிவகுமார் ஓவியம் படித்த இடம். கலை இயக்குநர்கள் தோட்டா தரணியும் சாபு சிரிலும் அங்கிருந்து வந்தவர்கள்தான். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. இரண்டும் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஓவியம், சிற்பம் எல்லாம் இருக்கிறது. பாப்பாவுக்குப் பொருந்துவது விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன். ஊர் ஊருக்கு இருக்கும் விஸ்காம் பி.எஸ்சி.யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கேமரா, ஊடகம் பக்கம் போகும். இங்கே கை வரைய வேண்டும். நுழைவுத் தேர்விலும் கையைத்தான் பார்ப்பார்கள்.

ஸ்டோரிபோர்டு என்றால், படப்பிடிப்புக்கு முன்பே காட்சியைக் கட்டம் கட்டமாகக் காகிதத்தில் ஓட்டிக் காட்டுவது. ஓடும் பேருந்தின் கூரையிலிருந்து ஒருத்தி குதிக்கிறாள் என்று வசனத்தாளில் ஒரு வரி இருக்கும். கேமரா கீழேயா மேலேயா, எந்தக் கணத்தில் முகம், எந்தக் கணத்தில் கால், எது நிஜமாக எடுப்பது, எது கம்ப்யூட்டரில் சேர்ப்பது என்பதையெல்லாம் வரைகிறவர் முடிவு செய்து காட்ட வேண்டும். முதலில் தீப்பெட்டி அளவுக் கிறுக்கல்கள், பிறகு திரையின் அகல விகிதத்தில் கட்டங்கள், கேமரா நகர்வுக்கு அம்புக்குறி, அடியில் ஒரு வரிக் குறிப்பு. அனிமேஷன் என்றால் அதையே தற்காலிகக் குரலோடு ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். ஒளிப்பதிவாளர், சண்டைப் பயிற்சியாளர், கிராபிக்ஸ் மேற்பார்வையாளர் மூவரும் அந்தத் தாள்களை வைத்துத்தான் செலவுக்கணக்கே போடுவார்கள். விளம்பரக் கம்பெனிகளிலும் விளையாட்டுச் செயலி செய்கிறவர்களிடமும் இந்த வேலை உண்டு.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் மச்சானிடம் சொல்ல வாய் கூசும் அளவில்தான் இருக்கும். பாதி வேலை தனியாள் ஒப்பந்தம். பணத்துக்கு அலைய வேண்டி வரும், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் தொடங்கவே கூடாது. 2025 பிப்ரவரியில் சினிமா கிராபிக்ஸ் செய்துவந்த டெக்னிகலர் நிறுவனம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஏராளமான கிராபிக்ஸ் கலைஞர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். படம் போட்டுத்தரும் ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. மற்றவர் சொன்னதை அழகாக வரைவது மட்டும் தெரிந்தவருக்கு இனி சிரமம். பொம்மக்காவை எந்தக் கணத்தில் திரும்பிப் பார்க்க வைப்பது என்று யோசிப்பவருக்கு வேலை இருக்கும் என்பது என் கணிப்பு.

பாப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவள் வரைந்த ஆட்கள் பாதிப் பேர் கையைப் பின்னால் கட்டியிருக்கிறார்கள், மீதிப் பேருக்குப் பாதத்தைப் புல் மறைக்கிறது. கையும் காலும் வரையத் தெரியாதவர்கள் செய்கிற தந்திரம் இது, தேர்வறையில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முகங்களிலும் ஜப்பான் கார்ட்டூன் சாயல் அதிகம். தினம் ஒரு மணி நேரம் அம்பை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, பூக்கட்டுகிற கை, மூட்டை தூக்குகிற தோள், செருப்பு மாட்டுகிற கால் என்று வரையச் சொல்லுங்கள். பட்டனின் மரணத்தை வசனமே இல்லாமல் பன்னிரண்டு கட்டத்தில் வரைந்து ஆச்சியிடம் கொடுத்து, என்ன நடக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ஆச்சி எங்கே தடுமாறுகிறாரோ அந்தக் கட்டத்தைத் திரும்ப வரையட்டும்.

இடம் கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடம் உள்ளூர்க் கல்லூரியில் ஏதாவது படித்துக்கொண்டே மறுபடி எழுதட்டும். லட்சக்கணக்கில் வாங்கும் அனிமேஷன் டிப்ளமோ மையங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே மென்பொருள் பழக்குவார்கள், வரையக் கற்றுத்தர மாட்டார்கள். அதற்காகக் கல்விக் கடன் வாங்கினால் சேர்ந்து கையெழுத்துப் போடுவது நீங்கள், நினைவிருக்கட்டும்.

அரசுக் கல்லூரியின் நான்கு வருடக் கட்டணமும் சேர்ந்தாலே மச்சான் கட்டிய முன்பணத்தைத் தொடாது. விடுதி, வண்ணம், காகிதம், கணினியில் வரைய, சில ஆயிரத்தில் வரும் பென் டேப்லெட் ஆகியவற்றுக்குத்தான் செலவு. அந்த முன்பணத்தையும் விட்டுவிடாதீர்கள். சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தைத் திருப்பித்தர யுஜிசி விதி இருக்கிறது, தேதி தள்ளத் தள்ளப் பிடித்தம் கூடும். இந்த வாரமே ரசீது நகலோடு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், போனில் பேசிவிட்டு விடாதீர்கள்.