மலையைப் பார்த்து வரைந்த கடல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பாடசாலை மைதானத்தில் நின்றால் சிவனொளிபாதமலை நேரெதிரே தெரியும். அந்தக் காலத்துக் கப்பற்காரர்கள் இந்த மலையை வைத்தே இலங்கையை அடையாளம் கண்டார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அது உண்மைதானா? கடலை வரைபடமாக்கியவர்களுக்கு மலையால் என்ன பயன்?
– ஆசிரியை ஒருவர், மஸ்கெலியா

பதில்: உண்மைதான், தயங்காமல் சொல்லிக் கொடுங்கள். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, தாம் கடலில் இருந்தபோதே இம்மலை புகைத்தூண் போல வானில் எழுந்து நின்றதாக எழுதியிருக்கிறார். கணக்கும் அதற்கு இடங்கொடுக்கிறது. மலையின் உயரம் 2,243 மீற்றர். பூமியின் வளைவையும், காற்றினூடே வரும் ஒளி சற்று வளைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவ்வளவு உயரமான சிகரம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வரை அடிவானத்துக்கு மேலே தெரிய வேண்டும். மலையிலிருந்து மேற்குக் கரை அறுபது கிலோமீற்றர் சொச்சம்தான். ஆகவே கரையே கண்ணுக்குத் தட்டுப்படாமல் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வரும் கப்பலுக்கும், மேகம் ஏறுவதற்கு முந்திய தெளிந்த விடியற்காலையில் அந்தக் கூர்ந்த முடி தென்படக்கூடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடலை அளக்க வந்தவர்கள் முதலில் நிலத்தைத்தான் அளந்தார்கள். மணற்கரையில் சங்கிலி பிடித்து ஒரு நேர்கோட்டின் நீளத்தைத் துல்லியமாக எடுப்பார்கள். அதற்கு வசதியில்லாத கரையில் பீரங்கியைச் சுட்டு, ஒளி தெரிந்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணித் தூரத்தைக் கணித்தார்கள். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் மலைமுடி, கோபுரம், கொடிக்கம்பம், தனிப்பனை என்று தெரிந்தவற்றுக்கெல்லாம் கோணம் எடுத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கரை முழுவதையும் கட்டினார்கள்.

அதன்பின் கடலில் நிற்கும் படகுக்குத் தன் இடத்தை அறிய இரண்டு கோணங்கள் போதும். இதை உங்கள் மாணவர்களே மைதானத்தில் செய்து பார்க்கலாம். கோயில் கோபுரம், தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி, தொலைவிலுள்ள ஒரு பெரிய மரம் ஆகிய மூன்றையும் தோட்டத்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும். முதல் இரண்டுக்கும் இடையிலான கோணத்தையும், அடுத்த இரண்டுக்கும் இடையிலான கோணத்தையும் அளந்து, ஒளி ஊடுருவும் தாளில் அந்தக் கோணங்களை வரைந்து, மூன்று கோடுகளும் மூன்று புள்ளிகளின் மேல் விழும்வரை தாளை நகர்த்தினால், கோடுகள் கூடும் இடமே அவர்கள் நிற்கும் இடம். மூன்று அடையாளங்களும் நிற்பவரும் ஒரே வட்டத்தில் அமைந்துவிட்டால் மட்டும் விடை கிடைக்காது. அதையும் ஒருமுறை செய்து காட்டுங்கள், பிள்ளைகளுக்கு மறக்காது.

கேள்வி: இத்தனை கருவிகள் இருந்தும் பழைய கடல் வரைபடங்களில் பிழைகள் மலிந்திருந்தது ஏன்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பெரும்பாலும், ஓரிடம் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் நெட்டாங்கினால். அதைக் கணிக்கக் கப்பலில் எடுத்துச் செல்லும் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரம் நான்கு வினாடி பிசகினால் நமது பகுதிக் கடலில் ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர் பிசகும்; ஒரு நிமிடம் பிசகினால் 28 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கடிகாரமும் இல்லாத காலத்தில் வரைந்த படங்களை ஒருவரைப் பார்த்து மற்றவர் படியெடுத்தபோது பிழைகளும் கூடவே படியெடுக்கப்பட்டன. ஸ்கொட்லாந்து மாலுமி ஜேம்ஸ் ஹோர்ஸ்பர்க் பணியாற்றிய அட்லஸ் என்ற கப்பல் 1786இல் டியேகோ கார்சியாத் தீவில் மோதி உடைந்ததற்கு அத்தகைய தவறான வரைபடமே காரணம். உயிர் தப்பிய அவர் அன்றிலிருந்து கடல் தோறும் குறிப்பெடுத்தார். 1810இல் கிழக்கிந்தியக் கம்பனியின் கடல் வரைபட அதிகாரியானார். கம்பனியின் கடல் அளவையாளர் டேனியல் ரொஸ் போன்றோர் சீனக் கடலில் 1806 முதல் 1820 வரை எடுத்த அளவைகளும், கடற்படை அதிகாரி மொரெஸ்பி 1834 முதல் 1836 வரை மாலைதீவில் எடுத்தவையும் பழைய பிழைகளைத் திருத்திய அளவைகளின் வரிசையில் வருபவை.

கேள்வி: கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் தோணியில் மன்னாருக்கு வந்தார்கள். அந்தக் கடலை அப்போது யாராவது அளந்திருந்தார்களா?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, மாத்தளை

பதில்: ஐயா, உங்கள் கேள்வி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் பவல், எதெர்சி என்ற, கிழக்கிந்தியக் கம்பனியின் இந்தியக் கடற்படை அதிகாரிகள் 1830களின் பிற்பகுதியில் அளந்தார்கள். கண்டி, மாத்தளை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் வேகமாகப் பெருகிய காலமும் அதுவே.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். படகின் ஓரத்தில் நின்று ஒருவர், பாகக் கணக்கில் முடிச்சிட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி எறிவார். ஒரு பாகம் ஆறடி. குண்டின் அடியிலுள்ள குழியில் மாட்டுக்கொழுப்பு அடைத்திருக்கும். மேலே இழுத்ததும் அதில் ஒட்டியிருப்பது மணலா, சேறா, உடைந்த சிப்பியா என்று பார்த்து, ஆழத்தோடு அதையும் குறிப்பார்கள். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான தடவை இதைச் செய்த கைகளில் பல, லஸ்கார்கள் எனப்பட்ட நம் பகுதிக் கடலோடிகளின் கைகள். வரைபடத்தின் ஓரத்தில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. அந்த லஸ்கார்களுடைய பெயர்கள் இல்லை. எனக்கு இது எப்போதும் வலிக்கும் விடயம்.

ஆனால் உங்கள் முன்னோரைக் கரை சேர்த்தது அந்தப் படம் என்று சொல்ல மாட்டேன். இராமர் அணையின் மணல்திட்டுகளுக்கிடையே பெரிய கப்பல் வர முடியாது. ஆழமில்லாத அந்த நீரில் தோணியை ஓட்டிய தண்டலுக்குத் தாளில் எழுதாத வரைபடம் ஒன்று மனதில் இருந்தது. நீரின் நிறமும் அலை உடையும் இடமும் காற்றின் திசையும் அவர் படித்த எழுத்துகள். அவர் இறக்கிவிட்ட கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களுக்கு எந்த வரைபடமும் இருக்கவில்லை.