தோட்டத்துக்குப் பெயர் வைப்பது எப்படி?

வணக்கம்.

அந்தியூர் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். மஞ்சள், நிலக்கடலை, வரப்போரம் தென்னை, மூன்று மாடுகள். இதுவரை மஞ்சளை மண்டிக்கும் கடலையை வியாபாரிக்கும் போட்டுவந்தோம். இந்த வருடம் முதல் மஞ்சள் தூள், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் நாங்களே பாக்கெட் போட்டு விற்கலாம் என்றிருக்கிறோம். பெயரில்தான் வீட்டில் ஒத்துவரவில்லை. அம்மா, பாட்டி நினைவாக ‘ராமாயி பண்ணை’ என்கிறார். மாமா ‘ஈரோடு மஞ்சள் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்’ என்கிறார். ஊரில் எங்கள் நிலத்தை ஊஞ்சக்காடு என்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அப்பா, “கிணறு வெட்டி நாற்பது வருசமாச்சு, இன்னும் என்ன காடு?” என்கிறார். இப்போது ஒரு ஊஞ்சமரம்கூட அங்கே இல்லை. எதை வைத்து முடிவெடுப்பது?

க., அந்தியூர்

*

அன்புள்ள க.,

ஊஞ்சக்காடு என்றே வையுங்கள். அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. கொங்குப் பகுதியில் மானாவாரி நிலம் காடு, கிணற்றுப் பாசனம் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல். கிணறு வந்ததும் காடு தோட்டமாகிவிடுகிறது. ஆனாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலங்கள் உங்கள் ஊரிலேயே பத்துக்குக் குறையாமல் இருக்கும். அப்பாவுக்கு மனம் வரவில்லை என்றால் ‘ஊஞ்சக்காட்டுத் தோட்டம்’ என்று வைக்கலாம். கொஞ்சம் நீளம்தான், இரண்டு பேருக்கும் சரியாக வரும்.

முதலில் வீட்டிலுள்ள பழைய பத்திரங்களை எடுங்கள். பட்டாவிலும் சிட்டாவிலும் பெயரைத் தேட வேண்டாம், அங்கே புல எண்ணும் உரிமையாளர் பெயரும்தான் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ கிரையப் பத்திரத்திலோ சொத்து விவரத்தைப் படியுங்கள். செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, சொல்லும் இடத்தில் ‘இன்ன காட்டுக்குக் கிழக்கு, இட்டேரிக்கு (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) தெற்கு’ என்று வரும். உங்கள் பத்திரத்தில் இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தில் உங்கள் நிலத்தின் பெயர் எல்லையாக வந்திருக்கலாம். அவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயர் உங்கள் ஒரு வயலுக்கா, நாலரை ஏக்கருக்குமா, அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்தா என்பதையும் இதில் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு குடும்பத்து நிலத்துக்கும் அதே பெயர் என்றால், பதிவு செய்வதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பின்னால் வருத்தம் வராது.

மாமா சொன்ன பெயரில் மூன்று சிக்கல். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை உங்கள் வணிகப் பெயராக்கிக்கொள்ள முடியாது. அந்தக் குறியீட்டோடு விற்க வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். அடுத்து, ‘ஆர்கானிக்’. பாக்கெட்டில் அந்தச் சொல்லைப் போட்டுக் கடைக்குக் கொடுக்க, 2017-இன் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி என்பிஓபி (சான்று நிறுவனம் வந்து பார்த்துத் தருவது) அல்லது பிஜிஎஸ்-இந்தியா (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்ப்பது) சான்று வேண்டும். என்பிஓபியில் மாறுகாலம், அதாவது இயற்கை முறைக்கு மாறிய பின் காத்திருக்க வேண்டிய காலம், ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு. சான்று கிடைத்தால் லேபிளில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், பெயருக்குள் பூட்டி வைக்கக் கூடாது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயிரைப் பெயரில் வைக்காதீர்கள். கிழங்கு அழுகலுக்குப் பயந்து ஒரே வயலில் தொடர்ந்து மஞ்சள் போடாமல் மாற்றிப் போடுகிறவர் நீங்கள். ஒரு வருடம் விலை விழுந்தால் மஞ்சளே போடாமலும் விடுவீர்கள். அப்போதும் எண்ணெய் புட்டியில் மஞ்சள் பெயர்தான் இருக்கும்.

பாட்டி பெயர் அழகான பெயர். பண்ணைதான் இடிக்கிறது. பல்லடம், நாமக்கல் வட்டாரத்தில் பண்ணை என்றாலே கோழிதான், போன் செய்கிறவர்கள் முட்டை விலை கேட்பார்கள். தஞ்சைப் பக்கம் அந்தச் சொல்லோடு பண்ணையாரும் பண்ணையாளும் சேர்ந்தே நினைவுக்கு வருவார்கள், நாலரை ஏக்கருக்கு அந்தச் சுமை வேண்டாம். இன்னொன்று, குடும்பப் பெரியவரின் பெயரை வைத்தால், நாளைக்கு நிலம் பாகமாகும்போது பெயர் யாருக்கு என்ற கேள்வி வரும். எந்தப் பெயர் வைத்தாலும் பதிவு யார் பேரில், பிரிந்தால் யார் அதில் விற்கலாம் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

சாமி பெயர் யாராவது சொன்னால், பொதுச் சொத்தைத் தனியுடைமையாக்குவது கடினம் என்று சொல்லுங்கள். ‘ராமாயண்’ என்ற புனித நூலின் பெயரையே ஊதுவத்திக்கு வணிகக் குறியாகத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பெயர் முடிவானதும் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பொருள்களை அங்கே எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள், வகுப்பு வாரியாகத் தேட வேண்டும். சமையல் எண்ணெய், நெய், பால் 29-ஆம் வகுப்பு. மஞ்சள் தூள், அரிசி, வெல்லம், தேன் 30. தேங்காய், பச்சைக் காய்கறி, விதை 31. அதே தேங்காய் எண்ணெயைத் தலைக்கு என்று விற்றால் 3-ஆம் வகுப்புக்குப் போய்விடும். எழுத்துக்கு எழுத்து மட்டும் தேடினால் போதாது, ஒலியொப்புத் தேடலும் அங்கே இருக்கிறது. ஊஞ்ச என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு ‘யு’ போட்டும் எழுதுவார்கள், இரண்டு ‘ஓ’ போட்டும் எழுதுவார்கள். இரண்டையும் தேடுங்கள். இணைய முகவரி வாங்கும்போதும் இரண்டையும் வாங்கிவிடுங்கள். நல்லவேளை, இதில் ழகரம் இல்லை. இருந்திருந்தால், அதை ‘இசட்-எச்’ என்று எழுதி வடக்கே அனுப்பினால் ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள்.

தனிநபராக இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். உங்களுக்கு 29, 30 இரண்டும் தேவை, ஆக 9,000. தமிழ் எழுத்தில் பதிந்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதிவகத்தின் வணிகக்குறி இதழில் வெளியான பின் 4 மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பதிவாகிவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்ததுமே பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ (வணிகக்குறி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது பதிவாகி வந்த பிறகுதான், அதற்கு முன் போட்டால் குற்றம்.

விளைந்ததை விளைந்தபடியே விற்கும் விவசாயி உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரமாட்டார். அரைத்தாலும் ஆட்டினாலும் வருவார். எனவே எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்து, 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். தோட்டத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனால், தொழில் நடப்பதற்கு அந்தப் பெயரிலேயே இரண்டு ஆவணம் கேட்பார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் ஒரு ‘ஓ’ குறைந்தால் அதைத் திருத்த அலைய வேண்டிவரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். கொங்குப் பகுதிக்கு வெளியே இருக்கும் ஐந்தாறு பேரைப் போனில் கூப்பிட்டு, பெயரை ஒரே ஒரு தரம் சொல்லி, தமிழிலும் ஆங்கில எழுத்திலும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஊஞ்சல்காடு என்று சிலர் அனுப்புவார்கள். பாதிப் பேருக்குமேல் அப்படி அனுப்பினால், லேபிளில் பெயருக்குக் கீழே ஊஞ்சமரத்தின் சிற்றிலையும் காயும் வரைந்துவிடுங்கள். அரப்புத்தூள் அந்த மர இலையில் செய்வதுதானே, அதைச் சொன்னால் தெரிந்துகொள்வார்கள். வேலியோரம் இரண்டு கன்றும் நட்டுவிடுங்கள், வறட்சி தாங்கும் மரம்.

எழுத்து வரைகிறவரிடம் ‘ஊ’வைப் பற்றிச் சொல்லிவைக்க வேண்டும். உகரத்தையும் அதன் மேலுள்ள சிறு குறியையும் தள்ளி எழுதினால் ‘உள’ என்று படிக்கப்படும். கணினியிலும் உ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும், தேடினால் அகப்படாது. சிறிய லேபிளில் ‘ஞ்’, ‘க்’ புள்ளிகள் மசியில் அடைந்துபோகும், அதனால் தடித்த எழுத்துரு வேண்டாம். சாலையோரப் பலகைக்கு, 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் என்பது பொதுக் கணக்கு. 60 அடியிலிருந்து தெரிய எழுத்து 6 அங்குலம் இருக்க வேண்டும். தோட்டத்திலேயே கடை போட்டால் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது விகிதம்.

அச்சடித்த பைகளுக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சு சிலிண்டர் வெட்டுவார்கள், குறைந்த அளவே ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். ஆட்சேபணைக் காலம் முடியும்வரை வெற்றுப் பையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் போதும். ஸ்டிக்கரையும் ஐந்நூறு ஐந்நூறாக அடியுங்கள்.