காய்ச்சல் விட்ட அன்று மன்னாருக்குப் போயிருக்கலாமா?

அன்புள்ள ஐயா,

மார்கழி விடுமுறைக்கு எங்கள் ஹையேஸ் வானின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் காஸ் அடுப்பும் வைத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தோம். நானும் இவரும், இரண்டு பிள்ளைகளும், மாமியும். பருத்தித்துறை, நயினாதீவு, நெடுந்தீவு, பிறகு பூநகரியால் மன்னார் என்று திட்டம். காரைநகரில் நிற்கும்போது இவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. இரத்தம் சோதித்தால் டெங்கு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும், "எனக்கு இப்ப சுகம், மன்னாருக்கு வெளிக்கிடுவம்" என்றார். நான் மறித்தேன். பெரிய சண்டை. அன்று பின்னேரமே வாட்டில் அனுமதித்தார்கள். பயணம் அதோடு முடிந்தது. இப்போது வீட்டில் சுகமாக இருக்கிறார். ஆனால் "என்னாலதான் பிள்ளையளின்ர லீவு பாழ்" என்று யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமி, வான் ராசியில்லை, விற்கச் சொல்கிறார். நான் பிடிவாதம் பிடித்தது பிழையா?

வாசகி, வவுனியா

அன்புள்ள தங்கச்சி,

பிழையே இல்லை. அந்தப் பயணத்தில் எடுத்த ஆகச் சரியான முடிவு அதுதான். உங்கள் கணவரும் வாசிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

மற்றக் காய்ச்சல்களில் சூடு தணிந்தால் பெரும்பாலும் நோயும் விட்டுவிடும். டெங்குவில் அந்தக் கணக்கு சரிவராது. காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஏழு நாளுக்குள், சூடு இறங்குகிற நேரத்தில்தான் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போகப் போக அழுத்தம் விழும். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். தொடக்கத்தில் ஆள் தெளிவாகக்கூட இருப்பார், பசிக்கிறது என்பார். பிறகுதான் வயிற்று நோ, விடாத சத்தி, கை கால் குளிர்வது, சலம் குறைவது எல்லாம் வரும். அவர் வெளிக்கிடுவம் என்று சொன்னது சரியாக அந்த வாசலில் நின்றுதான்.

இனி அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். சங்குப்பிட்டிப் பாலம் கடந்தால் பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை. நெடுந்தூரத்துக்கு வயலும் பற்றையும்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மன்னார் பட்டினத்துக்கே போய்ச் சேரவேண்டும். ஓட்டுவதும் அவர். நடுவழியில் அவருக்குத் தலை சுற்றியிருந்தால்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது என்பது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் அது வந்து சேரும்வரை மாமியும் பிள்ளைகளும் நீங்களும் அந்த ரோட்டோரத்தில் நின்றிருப்பீர்கள்.

வாட்டில் உங்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, குடித்த ஒவ்வொரு கோப்பையையும் எழுதச் சொல்லியிருப்பார்கள். இளநீர் இவ்வளவு, ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் இவ்வளவு, கஞ்சி இவ்வளவு. சலத்தையும் அளந்து எழுத வேண்டும். நம்மவர்கள் பார்க்க வந்ததும் "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். வைத்தியர்களோ பிளேட்லெட்டோடு பி.சி.வி.யையும் பார்ப்பார்கள், அதாவது இரத்தம் தடித்துக்கொண்டு போகிறதா என்று. நீர் குறைந்தாலும் ஆபத்து, சேலைன் கூடினாலும் ஆபத்து. இந்தக் கவனிப்பை வானுக்குள் வைத்து ஒருவராலும் செய்ய முடியாது, எவ்வளவு வசதியாகப் படுக்கை போட்டிருந்தாலும் சரி.

வானில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்பு சில நாட்களில் மற்றவர்களுக்கும் நோயைக் கொடுக்கக்கூடியதாகிவிடும். ஐந்து பேர் நெருக்கிப் படுக்கிற இடத்தில் நோயாளிக்குப் பகலிலும் வலை வேண்டும். அடுத்த முறை ஒரு வலையை வானிலேயே வைத்திருங்கள். காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும். நோவுக்கு என்று புரூபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

சரி, உங்கள் வீட்டுக்காரரின் மனவருத்தத்துக்கு வருகிறேன். தம்பி, நுளம்பு கடித்ததற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு? ஐப்பசி மழையிலிருந்து தை வரை யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுகிற காலம். இங்கேயே இருக்கிறவர்களின் வீடுகளிலும் அதே மாதங்களில் ஆட்கள் படுக்கையில் விழுகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு போன கவலை இருக்கும்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அப்பா பேசாமல் இருப்பது அவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை. இன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள். டெங்குவுக்குப் பிறகு சில கிழமைகள் உடம்பு அசதியாக இருக்கும், மனமும் சோர்ந்துபோகும். அதற்கும் நோய்தான் காரணம்.

வானை விற்க வேண்டாம். மாமிக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அந்த வான் இருந்தபடியால்தான் இரவில் தங்க இடம் தேடி அலையாமல், காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக முடிந்தது.

அடுத்த பயணத்தைச் சித்திரை லீவில் வையுங்கள். வெயில் சுடும்தான், ஆனால் மாரி மழை முடிந்திருக்கும், சோழகம் என்ற தென்மேல் காற்று எழும்ப முன்னம் கடலும் அடங்கிக் கிடக்கும். நெடுந்தீவுப் படகில் மாமிக்கும் சிரமம் குறைவு. டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் நிலையான எதிர்ப்பு. வேறு வகை திரும்ப வந்தால் கடுமையாகலாம் என்பதால் அவருக்கு இனிக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியரிடம் காட்டுங்கள். திட்டத்தில் மூன்று நாளுக்கு ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். யாருக்காவது முடியாமல் போனால் அந்த நாளில் படுத்திருக்கலாம், இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்கிற இடத்துக்குப் போகலாம். மாமியின் கிளினிக் கொப்பியும் குளிசைகளும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. இந்த முறை மன்னாரில் தொடங்குங்கள். முதலில் திருக்கேதீஸ்வரம், பிறகு பூநகரியால் மேலே ஏறி யாழ்ப்பாணம். தவறிப்போன இடத்தைப் பிள்ளைகள் முதல் நாளே பார்த்துவிடுவார்கள்.