ஆஃப் செய்தும் ஒழுகும் சுவிட்ச்: கேள்வி-பதில்

கேள்வி: 144 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை நிறுத்த ஒரு டாகிள் சுவிட்ச் வாங்கிப் போட்டேன். ஆஃப் செய்தாலும் சிக்னல் வருகிறது. மல்டிமீட்டரோ இணைப்பே இல்லை என்கிறது. போலி சுவிட்ச்தானே?

பதில்: போலி இல்லை, அது இந்த வேலைக்கு வந்த சுவிட்சே இல்லை. எதிரெதிரே இரண்டு உலோக முனை, நடுவில் காற்று என்றாலே ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். 2 பிகோஃபேரட் என்று வைத்தால்கூட 144 மெகாஹெர்ட்ஸில் அதன் மறிப்பு 550 ஓம் சொச்சம்தான். ரேடியோ வேலையில் வழக்கமான 50 ஓம் லைனில் அது ஒருக்களித்துச் சாத்திய கதவு. மல்டிமீட்டர் டிசியில் பார்க்கிறது, அதற்கு இது தெரியாது.

கேள்வி: பெரிய காயில் (கம்பிச் சுருள்) நன்றாகத் தடுக்கும் என்று 1 மில்லிஹென்றி வாங்கினேன். 100 மெகாஹெர்ட்ஸ் அப்படியே தாண்டிப் போகிறதே?

பதில்: டேட்டாஷீட்டில் செல்ஃப் ரெசனன்ஸ், அதாவது காயில் தன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸோடு ஒத்ததிரும் அதிர்வெண், என்று ஒரு வரி இருக்கும், காசு கொடுக்கும் முன் படிக்க வேண்டியது. காயில் சுற்றுகளுக்கு இடையே 5 பிகோஃபேரட் இருந்தால் போதும், 2.25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உங்கள் காயிலே கெப்பாசிட்டர்தான்.

கேள்வி: ரேடியோ சிக்னலுக்குச் சுவிட்ச் போல வேலை செய்யும் பின் (PIN) டயோடுக்குப் பதில் மலிவான சாதா டயோடு 1என்4148 போடலாமா?

பதில்: ஒற்றை டயோடாக வேண்டாம். பயாஸ் (டயோடைத் திறந்து மூடக் கொடுக்கும் டிசி) இல்லாதபோது அதன் கெப்பாசிட்டன்ஸ் 4 பிகோஃபேரட் வரை போகும். 1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 4 கோடி ஓம், 100 மெகாஹெர்ட்ஸில் வெறும் 400. 50 ஓம் லைனில் 12 டெசிபல் தடுப்புதான் கிடைக்கும். சிக்கனம்தான் முக்கியம் என்றால், பவர் சப்ளையில் போடும் 1என்4007-ஐ ஷார்ட்வேவில் பின் டயோடு போலப் பயன்படுத்தும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் உண்டு.

கேள்வி: '6 கிகாஹெர்ட்ஸ் வரை, ஐசோலேஷன் (ஆஃப் நிலையில் தடுக்கும் அளவு) 60 டெசிபல்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு சுவிட்ச் போர்டு வாங்கினேன். 1 கிகாஹெர்ட்ஸில் 20 கூட இல்லை. விற்றவரைக் கேட்டால், நீங்கள் தப்பாக இணைத்துவிட்டீர்கள் என்கிறார்.

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. எனக்கும் இதே கதைதான். ஒரு போர்டு வாங்கி, கேபிளை மாற்றி, சால்டரை மாற்றி, இரண்டு வாரம் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிப்பின் மேலிருந்த எண்ணைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள்! அந்த விளம்பரத்தில் 60 டெசிபல் எந்த அதிர்வெண்ணில் என்று எங்காவது இருக்கிறதா? இருக்காது. அதுதான் என் வயிற்றெரிச்சல். 60 டெசிபல் என்றால் பவரில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் கசிகிறது, 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு. கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கசியும் சுவிட்சில் அதிர்வெண் பத்து மடங்கு ஏறினால் ஐசோலேஷன் 20 டெசிபல் இறங்கும். 10 மெகாஹெர்ட்ஸில் 60 இருந்தது 100 மெகாஹெர்ட்ஸில் 40, 1 கிகாஹெர்ட்ஸில் 20. விற்பவர் பத்து மெகாஹெர்ட்ஸில் அளந்ததை எழுதிவிட்டு ஆறு கிகாஹெர்ட்ஸ் என்று பக்கத்தில் ஒட்டிவிடுகிறார், இரண்டும் தனித்தனியே உண்மை, சேர்த்தால் பொய். விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். அளந்த வரைபடத்தையும் சிப்பின் படத்தையும் சேர்த்து, 'விவரித்தபடி பொருள் இல்லை' என்று பணம் செலுத்திய வழியிலேயே புகார் கொடுங்கள். விற்றவரோடு வாதாடி நாளைக் கடத்தாதீர்கள், புகாருக்குக் கெடு உண்டு.

கேள்வி: டிரான்ஸ்மிட்டர் பக்கம் ரிலேயா, சிப்பா?

பதில்: பவர் அதிகம், எப்போதாவது மாற்றுவது என்றால் ரிலே, ஆனால் பவர் ஓடும்போது மாற்றாதீர்கள், முனை கருகும். வேகமாக மாற்ற வேண்டுமென்றால் பின் டயோடு. ரிலேயின் காயில் வோல்டேஜையும் பாருங்கள். என் டிராயரில் பத்து நல்ல ரிலே தூங்குகிறது, எல்லாம் 24 வோல்ட், என்னிடம் இருப்பது 12.

கேள்வி: ஒரே சுவிட்ச் இரண்டு வகை: ஆஃப் ஆனால் சிக்னலைத் திருப்பி அனுப்புவது, உள்ளேயே 50 ஓமில் உறிஞ்சிக்கொள்வது. இரண்டாவது விலை அதிகம். தேவையா?

பதில்: சுவிட்சுக்கு முன்னால் இருப்பது எதிரொலி பட்டால் நிலைகுலையும் ஆம்ப்ளிஃபையரோ ஆஸிலேட்டரோ என்றால் தேவை. இல்லையென்றால் மலிவானதை வாங்குங்கள்.